கோலியின் பிறந்த தேதி

அந்த வருஷம் பெரார்கஞ்ச் பையன்கள் ஹாக்கியில் ஜெயிக்க ஆரம்பித்ததை முதலில் யாரும் நம்பவில்லை. பையன்களே நம்பவில்லை. போர்ட் பிளேர் பள்ளிக்கூடங்களுக்கு நல்ல ஸ்டிக், நல்ல பூட்ஸ், மைதானத்துக்குக் கூட்டிப்போக வண்டி எல்லாம் இருந்தது. பெரார்கஞ்சுக்கு இருந்தது ஒரு சரிவான மைதானமும் மழையும்தான். மே மாதம் பிடித்த மழை செப்டம்பர் வந்தும் விட்டபாடில்லை. சேற்றில் பந்து நகராது. அதில் நகர்த்திப் பழகியவனுக்கு அப்புறம் எந்தத் தரையும் பயமில்லை. எதிரணிக்காரர்கள் வழுக்கி விழுந்து எழுவதற்குள் இவர்கள் ஒரு கோலைப் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளைகள் போல நடுக்கோட்டுக்குத் திரும்பி வந்துவிடுவார்கள்.

ஒரு கோல் போதும். பின்னால் கோல் காக்கும் கோலியாக அருண்பிரசாத் நின்றான்.

பதினாறு வயது, ஒல்லி, பேச்சு குறைவு. வகுப்பில் அவன் வந்திருக்கிறானா என்று இரண்டு தடவை பார்க்க வேண்டும். ஆனால் கோலி பேடைக் கட்டிக்கொண்டு கம்பங்களுக்கு நடுவில் நின்றால் ஆளே வேறு. அந்த சீசனில் ஆறு ஆட்டங்களில் அவனைத் தாண்டி உள்ளே போனவை இரண்டே பந்துகள். அதில் ஒன்று கேப்டன் ஜெகநாதன் காலில் பட்டுத் திரும்பியது. அதை அருண் தலையில் கட்டக்கூடாது என்று ஜெகநாதனே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

சனிக்கிழமை போர்ட் பிளேரில் ஃபைனல். ஜெயித்தால் டெல்லியில் நடக்கும் பதினேழு வயதுக்கு உட்பட்டோர் போட்டிக்குப் போகலாம். கப்பலில் சென்னை, அங்கிருந்து ரயில். பாதிப் பையன்கள் ரயிலைப் படத்தில்தான் பார்த்திருந்தார்கள். டெல்லி மைதானத்தில் பச்சைக் கம்பளம் விரித்திருக்குமாம், பந்து விட்ட இடத்திலிருந்து தானாக ஓடுமாம் என்றெல்லாம் பேசிப் பேசி மாய்ந்தார்கள். அருண் பேசவில்லை. ஆனால் அந்த டெல்லி அவனுக்கு வேண்டும். வேறெதையும் அவன் இத்தனை ஆசையாக நினைத்ததில்லை. கம்பங்களுக்கு நடுவில் நிற்கும்போது, இவனுக்குப் பதில் இன்னொருத்தன் நின்றிருக்கலாமே என்று ஒருவரும் நினைப்பதில்லை. அந்த இடம் அவனுடையது. அவன் உயிரோடு இருப்பதற்கு ஒரு காரணம் மாதிரி அது அவனுக்குப் பட்டது. பதினாறு வயசுப் பையன் இப்படி யோசிக்கலாமா என்றால், கச்சால் தீவிலிருந்து தப்பி வந்த பையன் யோசிப்பான்.

அந்தக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். சிலோன் மலைத்தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்களை அரசாங்கம் கச்சாலில் ரப்பர் தோட்டத்தில் குடிவைத்தது. அப்படிப் போன குடும்பம் ராக்கப்பனுடையது. இரண்டாயிரத்து நான்கு டிசம்பர் இருபத்தாறாம் தேதி காலை கடல் எழுந்து வந்து, ராக்கப்பனையும் மூத்த மகன் நாகராஜையும் அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீட்டோடு சேர்த்துக் கொண்டுபோயிற்று. விறகு பொறுக்க மேட்டுக்குப் போயிருந்த சின்னவன் அருண் பிழைத்தான். அம்மா தங்கம்மா வயிற்று ஆபரேஷனுக்காக போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் கிடந்தாள், அதனால் பிழைத்தாள். இப்போது இருவரும் பெரார்கஞ்சில் ஒரு பாக்குத் தோட்டத்து வீட்டில் இருக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை பிராக்டிஸ் முடிந்ததும் விளையாட்டு ஆசிரியர் ராஜசேகர் சார் அருணைத் தனியாக அழைத்தார். அவர் இந்தத் தீவிலேயே நான்கு தலைமுறை. வெள்ளைக்காரன் காலத்தில் கைதியாக வந்தவரின் வழி. தமிழ் பேசினால் பாதி ஹிந்தி கலந்து வரும், கோபம் வந்தால் முழுக்க ஹிந்தி.

"அரே, என்னடா இது? ஃபைனலுக்கு எல்லார் பர்த் சர்டிபிகேட்டும் கேட்டிருக்காங்க. உன்னோடது பார்த்தா பதினேழு ஜூன் தொண்ணூத்தியொண்ணு. அப்ப உனக்கு பதினெட்டு ஆயிடுச்சு, ஹை நா?"

"இல்ல சார். நான் தொண்ணூத்திமூணு ஜனவரி ஒம்பது."

"லேகின் காகிதம் அப்படிச் சொல்லலையே."

காகிதம் அப்படிச் சொல்லவில்லை என்பது அருணுக்கு முன்பே தெரியும். அந்தத் தேதி யாருடையது என்பதும் தெரியும். அது நாகராஜ் பிறந்த நாள். பழைய காகிதமெல்லாம் கடலோடு போய்விட, நிவாரண முகாம் பதிவேட்டைப் பார்த்துத்தான் புதிய சர்டிபிகேட் கொடுத்தார்கள். பத்து நாள் தூங்காத எழுத்தர் யாரோ இரண்டு பிள்ளைகளையும் குழப்பிக்கொண்டார் என்று அவன் நினைத்திருந்தான். பள்ளிக்கூடத்தில் சேர அது போதுமாக இருந்தது. அதற்கு மேல் பிறந்த தேதி யாருக்கு வேண்டும்?

மறுநாள் சாரும் அவனும் போர்ட் பிளேர் அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே ஒரு எழுத்தர், புண்ணியவான், பழைய முகாம் பதிவேட்டைத் தேடி எடுத்துப் புரட்டி மேஜையில் வைத்தார். உயிரோடு இருப்பவர்கள் என்ற தலைப்பின் கீழ் முதலில் எழுதியிருந்த பெயர் நாகராஜ், தகப்பன் பெயர் ராக்கப்பன், 17-6-1991. எழுதிய நாள் டிசம்பர் முப்பத்தொன்று. அந்தப் பெயரை ஒரே கோட்டில் அடித்து, மேலே வேறு மையில் அருண்பிரசாத் என்று எழுதியிருந்தது. திருத்திய நாள் ஜனவரி இரண்டு. தேதியை மட்டும் யாரும் தொடவில்லை.

"பாருங்க, பேரை மாத்தினவன் தேதியை மாத்த மறந்துட்டான்," என்றார் எழுத்தர். "சின்ன விஷயம்தான். அம்மாவைக் கூட்டிட்டு வந்து நாளைக்கு ஆபீசர் முன்னாடி வாக்குமூலம் கொடுக்கச் சொல்லுங்க. அவரே திருத்திக் கையெழுத்துப் போட்டுடுவார். ஆனா ஒண்ணு, அம்மா அவங்களா சொல்லணும். டோர்னமெண்ட் வந்தா போதும், மீசையை மழிச்சுட்டு வந்து பதினஞ்சுன்னு சொல்றானுங்க. ஆபீசர் ரொம்ப ஸ்ட்ரிக்ட்."

சின்ன விஷயம்தான். ஆனால் கச்சாலில் பிழைத்தவர்களைக் கொண்டுபோய் வைத்திருந்த பக்கத்துத் தீவு கமோர்ட்டாவிலிருந்து வந்த கப்பலில் அருண் இறங்கியது ஜனவரி இரண்டாம் தேதி. அதற்கு இரண்டு நாள் முன்பே அம்மா ஒரு மகன் உயிரோடு இருக்கிறான் என்று எழுதிக்கொடுத்திருக்கிறாள். அது அவனில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் ராஜசேகர் சார் ஃபைனலைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். அருண் ஊம் கொட்டிக்கொண்டே வந்தான், ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை.

வீட்டில் தங்கம்மா தரையில் உட்கார்ந்து பாக்கு உரித்துக்கொண்டிருந்தாள். அவன் சுற்றி வளைக்காமல் கேட்டான்.

"அம்மா, முகாம்ல நீ அண்ணன் பேரைத்தான் குடுத்தியா?"

அவள் கை நின்றது. மறைக்கலாம் என்று ஒரு கணம் நினைத்தாள் போலிருக்கிறது, பிறகு விட்டுவிட்டாள்.

"கமோர்ட்டாவுல இருந்து வந்த ஆளு ஒருத்தன், ராக்கப்பன் மவன் ஒருத்தன் இருக்கான்னு சொன்னான். ஒருத்தன்னு மட்டும்தான்டா சொன்னான். பெரியவன்னு நானே முடிவு பண்ணிட்டேன். அவன் மரம் ஏறுவான், நீஞ்சுவான். நீ இடி இடிச்சா என் சேலைக்குள்ள வந்து ஒளியிற புள்ள. நீ எப்படிடா தப்பிச்சிருப்ப? ரெண்டு நாளா கப்பல் துறையில அவனுக்காகத்தான் நின்னேன்."

அருண் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"நீ எறங்கி வந்த. உன்னைப் பாத்தேன். பாத்துட்டு, உன் பின்னாடி பாத்தேன்."

அது அவனுக்கு நினைவிருந்தது. கப்பல் பலகையில் இறங்கும்போது அம்மாவின் கண் தன்னைத் தொட்டுவிட்டுத் தன் தோளுக்கு மேலே போனது. "அப்பாவைத் தேடுறேன்னு நெனச்சேன்மா," என்றான்.

தங்கம்மா அதற்கு ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பொய் சொல்லத் தெரியாத பெண்களால் பிள்ளைகளுக்கு எத்தனை கஷ்டம்!

"நீ வந்தது எனக்கு சந்தோஷம்தான்டா சின்னவனே. சத்தியமா சந்தோஷம். ஆனா அது வரைக்கும் அவன் இருந்தான், நீ வந்த அன்னிக்குத்தான் எனக்கு அவன் போனான். இந்த அஞ்சு வருஷமா உன் மொகத்தைப் பாக்குறப்பல்லாம் எனக்கு அது உறுத்துது. தாயா நான்?" அழுதாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "நாளைக்கு நான் வர்றேன். உன் தேதியை என் வாயாலயே சொல்றேன். அதையாச்சும் உனக்குச் சரியா செய்யிறேன்."

வியாழக்கிழமை காலை மூன்று பேரும் பஸ் ஏறினார்கள். தங்கம்மா பெட்டியிலிருந்த நல்ல சேலையை எடுத்துக் கட்டியிருந்தாள். வழி முழுக்க அவள் வாய் முணுமுணுத்தது. "ஜனவரி ஒம்பது, தொண்ணூத்திமூணு. ஜனவரி ஒம்பது, தொண்ணூத்திமூணு." சிப்பிகாட் தாண்டும்போது, ஒரு காலத்தில் நெல் விளைந்த வயல்களில் சுனாமிக்குப் பிறகு வடியாமலே நின்றுவிட்ட கடல்தண்ணீர் சாலையோரம் வரை பளபளத்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. முணுமுணுப்பை மட்டும் கொஞ்சம் வேகமாக்கினாள். முன் சீட்டிலிருந்து ராஜசேகர் சார் திரும்பி, "பயப்படாதீங்க தீதி, ரெண்டே கேள்விதான்," என்றார்.

ஆபீசர் பெயர் பக்தவத்சலம். மெயின்லேண்டிலிருந்து மாற்றலாகி வந்த தமிழர். கெட்டவர் இல்லை, ஏமாந்து ஏமாந்து உஷாரானவர்.

"பையன் வாயைத் திறக்கக்கூடாது. சார், நீங்களும்தான். யாராவது எடுத்துக்கொடுத்தா ஃபைலை மூடிடுவேன்," என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "நீங்க உட்காருங்கம்மா. இந்த ஜூன் பதினேழு தொண்ணூத்தியொண்ணு யாரோட தேதி?"

"பெரியவனோடது சார். நாகராஜோடது." தொடங்கியவள் நிற்கவில்லை. "விடியக்காலை நாலு மணி. கச்சால்ல மூணாம் லயத்துல. அன்னிக்கு மழை அடிச்சு ஊத்துது, நர்சம்மா வர முடியல, பக்கத்து வீட்டு அழகம்மாதான் கொடி அறுத்துச்சு. மூணேகால் கிலோ இருந்தான். தராசுல போட்டப்ப அழவே இல்ல சார், சிரிச்சான்."

பக்தவத்சலம் முதல் வரியை மட்டும் எழுதிக்கொண்டார். "அவர் இப்போ?"

தங்கம்மா மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "இல்ல சார்."

"இல்லன்னு எழுத முடியாதும்மா. சொல்லணும்."

"செத்துட்டான்." ஐந்து வருஷத்தில் அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து அருண் கேட்டது அதுதான் முதல் தடவை.

"தேதி?"

"டிசம்பர் இருபத்தாறு."

ஆபீசர் பேனாவை நிறுத்தி அவளுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அவள் குடித்தாள். பிறகு அவர் மெதுவாகவே கேட்டார். "சரிம்மா. இந்தப் பையன் எப்போ பொறந்தான்?"

அவள் உதடு அசைந்தது. பஸ்ஸில் நூறு தடவை சொன்னதைத்தான் தேடுகிறாள் என்று அருணுக்குத் தெரிந்தது. மனதுக்குள் அவனும் கூடவே சொன்னான். ஜனவரி அம்மா. ஜனவரி.

"டிசம்பர் இருபத்தாறு," என்றாள் தங்கம்மா.

"எந்த வருஷம்?"

"பெரியவனுக்கு ஒன்றரை வயசு அப்ப." விரலை மடக்கி எண்ணினாள். "தொண்ணூத்திரெண்டு."

ராஜசேகர் சாரின் நாற்காலி கிறீச்சிட்டது. ஆபீசர் அவரை முறைத்தார். பதினேழு வயதுப் போட்டிக்கு தொண்ணூற்று மூன்று ஜனவரி ஒன்றாம் தேதிக்கு முன்னால் பிறந்தவன் ஆட முடியாது. ஆறு நாள் வித்தியாசம்.

பக்தவத்சலத்துக்கே மனசு கேட்கவில்லை. "அம்மா, இப்பத்தான் அதே தேதியைச் சொன்னீங்க, பெரிய பையனுக்கு. அவசரமில்ல, யோசிச்சுச் சொல்லுங்க."

"நல்லாத் தெரியும் சார். பெத்தவளுக்குத் தெரியாதா?" என்றாள் தங்கம்மா. சொல்லிவிட்டு அருணைத் திரும்பிப் பார்த்தாள். முகம் மலர்ந்திருந்தது. ஏதோ பெரிய பாரத்தைச் சுமந்து வந்து சரியான வீட்டில் இறக்கிவைத்தவளின் முகம். அவள் கண் அவன் முகத்திலேயே நின்றது, தோளுக்கு மேலே போகவில்லை.

ஆபீசர் பதிவேட்டில் அடித்திருந்த பெயர் மேல் விரலை வைத்தார். பிறகு, பையன் வாயைத் திறக்கக்கூடாது என்று தான் போட்ட சட்டத்தைத் தானே கொஞ்சம் தளர்த்தினார். "தம்பி, நீ சொல்லு. அம்மா சொல்றது சரியா?"

இல்லை என்று சொன்னால் போதும். அம்மா நாக்கைக் கடித்துக்கொள்வாள், ஆபீசர் திருத்துவார், சனிக்கிழமை அவன் கம்பங்களுக்கு நடுவில் நிற்பான். டெல்லியின் பச்சைத் தரை அவனுக்குக் கண்முன் தெரிந்தது. அதே சமயம் அம்மாவின் முகமும் தெரிந்தது. இல்லை என்றால் அந்த முகம் என்ன ஆகும்? மூத்தவன் பிறந்த மணி முதல் எடை வரை சொன்னவளுக்கு இளையவனின் நாள் தெரியவில்லை என்பது இத்தனை பேர் முன்னால் அவளுக்கே தெரிந்துவிடும். மறுபடியும் அவள் இவனை விட்டுவிட்டு வேறொருவனைப் பார்த்தாள் என்று ஆகிவிடும். அதற்கப்புறம் அவள் தன்னை மன்னிக்க மாட்டாள். அவனுக்கு அழுகை வந்தது. அம்மா மேல் கோபமும் வந்தது, நிறையவே வந்தது.

"சரிதான் சார்," என்றான்.

வெளியே வந்ததும் ராஜசேகர் சார் அவன் கையைப் பிடித்துத் தூண் மறைவுக்கு இழுத்துப் போனார். "பாகல் ஹோ கயா க்யா? பைத்தியமாடா உனக்கு? உள்ள போலாம் வா, நான் பேசறேன்!"

"வேணாம் சார். அம்மாவைத் திரும்பக் கூப்பிடுவாங்க. அவங்களுக்குத் தெரியவே கூடாது. உங்க கால்ல விழறேன் சார்."

சார் அவனையே பார்த்தார். திட்ட வாயெடுத்தார், ஹிந்தியிலும் ஒன்றும் வரவில்லை. முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.

"இப்ப ஆடலாம்ல?" என்று தங்கம்மா கேட்டாள்.

"ஆடலாம்மா."

"சனிக்கிழமை நானும் வர்றேன்டா. ஒரு நாள்கூட உன் ஆட்டத்தைப் பாத்ததில்ல."

இது அவன் எதிர்பாராதது. ஆனால் ஒரு பொய் சொல்லிவிட்டால் அடுத்ததற்குப் படி தானாக வந்துவிடுகிறது. வெள்ளிக்கிழமை அவன் பிமலிடம் போனான். பிமல் மாற்று கோலி, வங்காளிப் பையன், அருணின் உயரம், அருணின் ஒல்லி. அருண் பிமலுக்கு எல்லாவற்றையும் சொன்னான். பிமல் கேட்டுவிட்டு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னான். "டீக் ஹை, சரி."

சனிக்கிழமை மழை தூறிக்கொண்டிருந்தது. ஷெட்டுக்குள் அருணே பிமலுக்குப் பேட் கட்டிவிட்டான். தன் ஜெர்சியை மாட்டிவிட்டான். கம்பி முகமூடி வைத்த ஹெல்மெட்டைத் தலையில் வைத்து வாரை இழுத்து மாட்டியதும் உள்ளே இருப்பது யாரென்று தெரியவில்லை. பிறகு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். அங்கிருந்து மைதானம் பாதிதான் தெரிந்தது. படிக்கட்டில் குடை பிடித்து உட்கார்ந்திருந்த அம்மா முழுசாகத் தெரிந்தாள்.

பெரார்கஞ்ச் முதல் பாதியில் ஒரு கோல் போட்டது. பிமல் நன்றாகவே ஆடினான், பாவம். ஒரு பந்தை விழுந்து காலால் உதைத்துத் தள்ளியபோது கூட்டம் எழுந்தது. தங்கம்மாவும் எழுந்தாள். வீட்டில் சின்னவன் என்பதைத் தவிர வேறு பெயர் சொல்லாதவள், "அருண்பிரசாத்!" என்று காகிதத்தில் இருக்கும் முழுப் பெயரையும் சொல்லிக் கத்தினாள். பக்கத்தில் இருந்தவர்களிடம் "என் மவன், என் மவன்," என்று கோலைக் காட்டினாள். குடை எங்கோ போயிற்று. நனைந்ததுகூடத் தெரியாமல் நின்றாள். அருண் தொட்டிக்குப் பின்னால் தன் பெயரைக் கேட்டுக்கொண்டு நின்றான். என்னம்மா என்று சொல்லத் தொண்டை வரைக்கும் வந்ததை விழுங்கினான்.

இரண்டாம் பாதியில் எதிரணி ஒன்றைத் திருப்பிப் போட்டது. முடிய மூன்று நிமிஷம் இருக்கையில் அவர்களுக்கு ஒரு பெனால்டி கார்னர். பிமல் எப்போதும் வலப்பக்கம் முந்துவான். அது அருணுக்குத் தெரியும். நானாக இருந்தால் நின்ற இடத்தில் நிற்பேன் என்று நினைத்தான். பந்து பிமலின் இடப்பக்கமாக உள்ளே போய்க் கோலின் பின்பலகையில் மோதியது.

அப்பாடா என்று இருந்தது அருணுக்கு. ஜெயித்திருந்தால் டெல்லி, டெல்லி என்றால் அவனில்லாத கப்பல், அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். இனி ஒன்றும் தெரிய வேண்டாம். அந்த நிம்மதி வந்த அடுத்த நிமிஷமே தன்மேல் அருவருப்பு வந்தது. சேற்றில் குப்புறப் படுத்து ஜெகநாதன் தரையைக் குத்திக்கொண்டிருந்தான். மற்றவர்கள் நின்ற நின்ற இடத்தில் அழுதார்கள். தன் அணி தோற்றதில் நிம்மதிப்பட்ட கோலி உலகத்திலேயே அவன் ஒருத்தன்தான் இருப்பான்.

ஷெட்டில் பிமல் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஜெர்சியைக் கழற்றிக் கொடுத்தான். அது இன்னும் பிமலின் உடம்புச் சூட்டோடு இருந்தது. அருண் அதை மாட்டிக்கொண்டு, கீழே குனிந்து சேற்றை அள்ளி முகத்திலும் முழங்காலிலும் பூசிக்கொண்டு வெளியே வந்தான்.

தங்கம்மா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். நனைந்த முந்தானையால் அவன் முகத்துச் சேற்றைத் துடைத்தாள்.

"அழாதடா. தோத்தா என்ன? எத்தனை பந்தைத் தடுத்த நீ! வேற யாரையும் நான் பாக்கல. ஆரம்பத்துல இருந்து முடியிற வரைக்கும் உன்னைய மட்டுந்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

"தெரியும்மா," என்றான் அருண்.